ராயபுரத்து ஜப்லா

திருப்பூர்க்காரர்களுக்குச் சென்னை என்றால் தெற்குதான். சென்ட்ரலில் இறங்குவோம். தி. நகர், மயிலாப்பூர், மிஞ்சிப்போனால் மெரினா. சென்ட்ரலுக்கு வடக்கேயும் சென்னை இருக்கிறது, அது எண்ணூர் வரைக்கும் நீள்கிறது என்பதெல்லாம் எங்களுக்குக் கேள்வி ஞானம். சிங்கப்பூர் போய்வந்தவர்கள் எங்கள் வீதியில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. திருவொற்றியூர் போய்வந்தவர் ஒருவரும் இல்லை.

சித்தி மகள் ராயபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். பேறுகாலமும் அங்கேயே ஆகிவிட்டதால் குழந்தை பார்க்க நான் போகவேண்டி வந்தது. நான் பேட்டர்ன் போடுகிறவள். ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு, அதிலும் கைக்குழந்தை உடுப்புக்கு. ஆறு மாதக் குழந்தையின் தலைச் சுற்றளவைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்தத் தலைக்கனத்தோடுதான் ரயிலேறினேன்.

இறங்கவேண்டிய இடம் வண்ணாரப்பேட்டை மெட்ரோ. ஆனாலும் ஆசைக்கு விம்கோ நகர் வரை டிக்கெட் எடுத்துக்கொண்டேன். 2021 பிப்ரவரியில் திறந்த பாதை அது. தண்டையார்பேட்டை வரைக்கும் பூமிக்கடியில் ஒன்றும் தெரியாது. அதன்பிறகு வண்டி வெளிச்சத்துக்கு ஏறியதும் நான் ஜன்னலைவிட்டு நகரவில்லை. ஒரு பக்கம் கடல், அதில் உள்ளே வர முறை பார்த்து நிற்கும் கப்பல்கள். மறுபக்கம் எண்ணெய்த் தொட்டிகளும் புகைபோக்கிகளும். கீழே சாலையில் டிரெய்லர் லாரிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. எங்கள் ஊர்ச் சரக்கு பெரும்பாலும் தூத்துக்குடி வழியாகப் போய்விடும். அட்டைப்பெட்டியில் வைத்து டேப் ஒட்டுவதோடு எங்கள் கதை முடிந்தது. அந்தப் பெட்டி அதற்குப் பிறகு எப்படிப்பட்ட இரும்புக் காட்டுக்குள் போகிறது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

வழியில் காலடிப்பேட்டை என்று ஒரு நிலையம். 1717 முதல் 1720 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடிவைத்த ஊர் அது. துணி வெளுப்பவர்களுக்கு வண்ணாரப்பேட்டை. கும்பெனிக்காரன் இந்தக் கரைக்கு வந்ததே துணிக்காகத்தானே. இங்கிருந்து கப்பலேறிய மெட்ராஸ் கட்டம் போட்ட துணியை நைஜீரியாவின் களபாரி மக்கள் இன்ஜிரி என்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிறப்பிலும் இறப்பிலும் அதற்கு இடம் உண்டு. நாங்கள் என்னவோ ஏற்றுமதியைத் திருப்பூர்தான் கண்டுபிடித்தது போலப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வண்ணாரப்பேட்டைக்குத் திரும்பி வந்து எம்.சி. ரோட்டில் நுழைந்தேன். துணிக்கடை, துணிக்கடை, அதற்கு மேல் மாடியிலும் துணிக்கடை. நடைபாதையில் குவித்துப் போட்டிருந்ததில் ஒரு ஜப்லாவை எடுத்து, பழக்க தோஷம், உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மல் துணி. கையும் உடம்பும் ஒரே துண்டில் வெட்டியது. தோளில் தையலே கிடையாது. கழுத்துக்குக் கிராஸ் பீஸில் பைப்பிங். நாடா கழுத்தில் இல்லை, கக்கத்துக்குக் கீழே பக்கவாட்டில் இருந்தது. இதை யாரோ யோசித்து வெட்டியிருக்கிறார்கள் என்று பட்டது. கடைக்காரர், "வாங்குறியா, வெச்சுட்டுப் போறியாம்மா?" என்றார். வாங்கினேன்.

அந்த மாதிரி ஜப்லாக்களைத் தைப்பது யார் என்பது அடுத்த அரைமணி நேரத்தில் தெரிந்துவிட்டது. சித்தி மகளின் மாமியாரே அந்தத் தெருக் கடைகளுக்கு ஜப்லா தைத்துக் கொடுக்கிறவர்களில் ஒருவர். நான் வாங்கியதைக் காட்டினேன். பைப்பிங்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நம்மளது இல்ல. நம்ம கை இன்னும் பொடிசா இருக்கும்" என்றார். "ஏனுங்க அத்தை" என்று நான் ஆரம்பித்ததும் வீடே சிரித்தது. அந்த 'ஏனுங்க'வை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார்கள்.

வீடென்பது ஒரே அறை. அதில் ஒரு மோட்டார் வைத்த தையல் மிஷின், ஒரு பீரோ, உத்தரத்துக் கொக்கியில் தூளி, அதற்குக் கீழே குழந்தையின் அம்மாவுக்குப் பாய். நான் உட்கார்ந்த இடம் கட்டிங் டேபிள், அதாவது தரை. அத்தை மல் துணியை நாலாக மடித்து, அதேபோல இன்னும் சில அடுக்குகளை மேலே வைத்து, ஓர் அட்டையை வைத்துக் கரியால் கோடு போட்டார். கழுத்துக்கு ஒரு வளைவு, கைக்கு அடியில் ஒரு வளைவு, முன்பக்கம் நெடுக ஒரு வெட்டு. அவ்வளவுதான். கீழே விழுந்த கழிவு ஒரு கைப்பிடிகூட இல்லை. எங்கள் கம்பெனியில் இதே வேலைக்குக் கம்ப்யூட்டரில் மார்க்கர் போட்டு, துணி எத்தனை சதவீதம் வீணாகிறது என்று கணக்கெழுதி மேலே அனுப்புவோம்.

அடுத்து ஓரம். பிறந்த குழந்தைக்கு என்று கேட்டால் தையலின் பிசிறு வெளியே தெரியும்படிதான் தைக்கிறார். உள்ளே வழுவழு, வெளியே பிசிறு. "பாக்கறவங்களுக்கு அயகா இருக்கறதுக்கா? போட்டுக்கினு கெடக்கற புள்ளைக்கு உறுத்தக்கூடாது" என்றார். நாங்கள் இதே காரணத்துக்காக ஃபிளாட்லாக் மிஷின் வைத்திருக்கிறோம். அவர் துணியைத் திருப்பிப் போட்டுவிட்டார்.

நாடாவைப் பற்றிக் கேட்டேன். ஐரோப்பாவுக்குப் போகும் குழந்தை உடுப்புக்கு ஈஎன் 14682 என்று ஒரு தரவிதி உண்டு. ஏழு வயதுக்குள்ளான குழந்தைகளின் தலைமூடியிலும் கழுத்திலும் இழுகயிறு கூடாது. எங்காவது மாட்டி இறுக்கிக் குழந்தைகள் செத்த பிறகு வந்த விதி. அமெரிக்காவிலும் 1996இல் இதற்கு வழிகாட்டல் போட்டார்கள். எங்கள் ஊரில் இதற்கு வகுப்பெடுத்து, பரீட்சை வைத்து, சுவரில் ஒட்டியிருக்கிறோம். அத்தைக்கு விதியெல்லாம் தெரியாது. "கய்த்தாண்ட நாடா இருந்தா வாயில போட்டு சப்பும். ஈரம் நெஞ்சுல எறங்கும். அப்பறம் சளி" என்றார். நாடாவின் நீளம் அவருடைய விரல்களில் நாலு. ஒரு முடிச்சுக்கு மேல் போடவராது.

பிரஸ் பட்டன் வைப்பதில்லையா என்றால் அதற்குச் சளி காரணம் இல்லை, கடல் காரணம். உப்புக் காற்றில் துரு ஏறி, வெள்ளைத் துணியில் பழுப்பு வட்டம் விழுந்துவிடுகிறதாம். பட்டனை 90 நியூட்டன், அதாவது ஒன்பது கிலோ தொங்கவிடுகிற அளவுக்கு இழுத்துப் பார்த்துத்தான் நாங்கள் பெட்டியில் போடுவோம். இங்கே பட்டனே இல்லாததால் அந்தப் பரீட்சைக்கும் வேலை இல்லை.

ஊசி உடைந்தால்? இதைக் கேட்டபோது அத்தை கொஞ்சம் கோபமாகவே என்னைப் பார்த்தார். மிஷின் டிராயரை இழுத்து, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்றை எடுத்துக் காட்டினார். ஊசி உடைந்தால் மிஷினை நிறுத்தி, தரை, மடி, தைத்துவைத்த துணி எல்லாவற்றின் மேலும் அதை உருட்டுவார். துண்டு கிடைக்காவிட்டால் அன்றைக்குத் தைத்த கட்டு முழுக்க மறுபடி பார்ப்பார். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவருக்கு அந்த நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை. எங்களிடம் உடைந்த ஊசிகளை ஒட்டிவைக்கும் நோட்டு உண்டு, மெட்டல் டிடெக்டர் உண்டு, இரண்டுக்கும் சேர்த்து வாங்குகிறவரிடம் விலையும் உண்டு.

எனக்குப் பெரிய ஆச்சரியம் நிறத்தில் இருந்தது. குழந்தைக்கு என்று அத்தை தைப்பதெல்லாம் வெள்ளை, மீறினால் வெளிர் மஞ்சள். இந்தத் தூசியில் வெள்ளையா? ராயபுரம் பக்கத்து வீடுகளில் ஒருகாலத்தில் துறைமுக நிலக்கரித் தூள் சோற்றில் விழும் என்பார்கள். உயர்நீதிமன்றம் தலையிட்டு, 2011இல்தான் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் கையாள்வது நின்றது. நிலக்கரி எண்ணூருக்குப் போனது. அத்தையின் தங்கை எண்ணூரில் இருக்கிறார். அங்கே மாடியில் காயப்போட்டதை உதறாமல் உள்ளே கொண்டுவருவதில்லை. "அதுக்குத்தான் வெள்ளை. கரி வியுந்தா கண்ணுக்குத் தெரியணும். கலர் துணில வியுந்தா நமக்குத் தெரியாது, புள்ளைக்குத்தான் தெரியும்" என்றார் அத்தை. அழுக்கு தெரியக்கூடாது என்று குழந்தைத் துணிக்கு அடர்நிறம் பரிந்துரைத்து நான் எழுதிய குறிப்புகள் ஐரோப்பியக் கடைக்காரர்களின் மெயிலில் இன்னமும் கிடக்கும்.

நாப்கினும் அப்படித்தான். தடிமனாகத் தைத்தால் நிறைய உறிஞ்சும், உண்மை. ஆனால் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெரியாத தெருவில், மார்கழி ஈரத்தில், நாலு மடிப்புத் துணி காய்வதற்குள் குழந்தை அடுத்த நாலை நனைத்துவிடும். இரண்டே மடிப்பு, முக்கோணம், எண்ணிக்கையில் அதிகம். உறிஞ்சுவதை வைத்து நான் டிசைன் செய்வேன். இவர் காய்வதை வைத்து.

குழந்தையின் உடம்பை மட்டும் அளந்து எனக்குப் பழக்கம். இங்கே காற்று, தண்ணீர், கொடி, உத்தரம் எல்லாமே அளவு கொடுக்கின்றன.

தூளியைப் பார்த்தால் இன்னும் விளங்கும். பழைய வாயில் புடவைதான். ஆனால் இரண்டு நுனியையும் மடித்துக் கட்டை நுழைகிற மாதிரி தைத்திருந்தார். அந்தத் தையல் மட்டும் பெட்டி மாதிரி, நடுவில் பெருக்கல் குறியோடு. சரக்குப் பையின் கைப்பிடிக்குப் போடுகிற தையல். மேலே கொக்கியிலிருந்து இறங்குவது காசிமேட்டு நைலான் கயிறு. முடிச்சு அத்தையின் வீட்டுக்காரர் போட்டது. விசைப்படகில் கடலுக்குப் போய்வந்த கை அது, இழுக்க இழுக்க இறுகும். ராத்திரி குழந்தை சிணுங்கினால் பாயில் படுத்தபடியே கால் கட்டைவிரலால் கயிற்றை இழுத்துவிடுகிறாள் சித்தி மகள். தரையில் எலியும் எறும்பும் வரலாம், மழைக்குத் தண்ணீரும் வரலாம். குழந்தை எல்லாவற்றுக்கும் மேலே தொங்குகிறது.

ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. சமதளத்தில் மல்லாக்கப் படுக்கவைப்பதே பத்திரம் என்பது இன்றைய மருத்துவம். 2022இல் அமெரிக்கா பத்து டிகிரிக்கு மேல் சாய்வான குழந்தைப் படுக்கைகளைச் சட்டம் போட்டே தடுத்துவிட்டது. அந்தக் கணக்கில் தூளி தேறாது. மோவாய் நெஞ்சில் பதிந்தால் சின்னக் குழந்தைக்கு மூச்சு சிரமம். இதை நான் சொன்னபோது அத்தை வாதாடவில்லை. நடுவில் வைக்கும் கட்டையை இன்னும் நீளமாகப் போட்டால் துணி விரியும், படுக்கை சமமாகும் என்றார். எவ்வளவு நீளம் என்று இரண்டு பேரும் முழம் போட்டுப் பார்த்தோம். கழுத்து நிமிர்ந்தது. முழுக்கச் சமமாகவில்லை. அசந்து தூங்கும் நேரத்துக்குத் தரையில் மெத்தை என்று சித்தி மகளிடம் பேசி முடித்தோம். பீரோவில் தயாராக இருந்த கடுகுத் தலையணையை எடுத்து வைக்கச் சொன்னதற்குத்தான் அத்தையின் முகம் கொஞ்சம் சுருங்கிற்று. தலை உருண்டையாக வரவேண்டாமா?

அந்த மெத்தை அரசாங்கத்து மெத்தை. ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில், அதாவது சவலை ராமசாமி முதலியார் பெயரில் ராயபுரத்தில் இருக்கும் பிரசவ ஆஸ்பத்திரியில், குழந்தைப் பரிசுப் பெட்டகத்தோடு வந்தது. 2015இல் தமிழக அரசு தொடங்கிய திட்டம். ஆயிரம் ரூபாய் மதிப்பில் 16 பொருள். துண்டு, உடுப்பு, மெத்தை, கொசுவலை, நாப்கின், கிலுகிலுப்பை, தாய்க்குச் சுண்டி லேகியம்கூட. பின்லாந்தில் இப்படியொரு பெட்டியை 1938இலேயே ஏழைத் தாய்மாருக்குக் கொடுக்க ஆரம்பித்து, 1949இலிருந்து எல்லோருக்குமாக்கினார்கள். அந்த அட்டைப் பெட்டியே குழந்தைக்குப் படுக்கை. நம் பெட்டகத்தில் லேகியம் வைத்த யோசனைக்கு நான் முழு மார்க் போடுவேன். உடுப்புக்கு அத்தை போட்ட மார்க் குறைவு. "இதப் போடறதுக்குள்ள புள்ள அயுதுரும்" என்று சொல்லி முன்பக்கத்தை நேராக வெட்டித் திறந்து, ஓரத்துக்குப் பைப்பிங் போட்டு, நாடா வைத்துவிட்டார்.

அதையும் முதல் நாளிலேயே போடவில்லை. முதலில் பழசு. தாத்தாவின் துவைத்துத் துவைத்து நைந்த வேட்டியைக் கிழித்துத் தைத்ததைத்தான் குழந்தை முதன்முதலாக உடுத்தியது. பிறப்பதற்கு முன்னால் புதுசு வாங்கிவைப்பது ஆகாது என்பது எங்கள் பக்கத்திலும் உண்டு. சாஸ்திரம் என்று நினைத்திருந்தேன். கஞ்சியும் சாயமும் போய்விட்ட துணி என்று தொழில்காரியாக யோசித்தால் அதைவிட நல்ல துணி எந்த மில்லிலும் கிடைக்காது.

கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை தொங்கியது. அதிலும் குழந்தைத் துணிதான், தோளில் மாட்டிக்கொள்ள அகலப் பட்டை. அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிப் போகிறார்களாம். மாதிரி வந்தது எண்ணூர்த் தங்கை வீட்டிலிருந்து. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் வரும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஊரே மூச்சுத் திணறி ரோட்டுக்கு ஓடியதே, அதற்குப் பிறகு தைத்தது. பட்டை அகலமாக இருப்பதற்குக் காரணம், ஓடும்போது இரண்டு கையும் குழந்தைக்கு வேண்டும். வாயில் ஜிப் இல்லை. இருட்டில் ஜிப் சிக்கும். மேல்மடிப்பு மட்டும். உள்ளே ஓரமாக ஒரு சின்னப் பாக்கெட், நனைத்து மூக்கில் வைக்க மல் துணி. உலகத்தில் எத்தனையோ டயபர் பை பேட்டர்ன் பார்த்திருக்கிறேன். ஓடுவதற்கென்று வெட்டியதை அங்கேதான் பார்த்தேன். எங்கள் கம்பெனியில் இதைக் காட்டலாமா என்று கேட்டேன். "காட்டேன். இதுல இன்னா இருக்குது" என்றார்.

கிளம்புகிற நேரத்தில்தான் அத்தை தன் விஷயத்துக்கு வந்தார். திருப்பூரில் கட்டிங் வேஸ்ட் கிலோ என்ன விலை? இன்டர்லாக் துணியில் உள்ளங்கை அகலத் துண்டு விழுமா? குளிர்காலக் குல்லாவுக்கும் கையுறைக்கும் அது போதும். லாரி வாடகை தன்னுடையது என்றார். வேஸ்ட் வியாபாரிகள் மொத்தமாகத்தான் எடுப்பார்கள், நிறம் கலந்து இருக்கும் என்றேன்.

"கலக்காம வெள்ளைய மட்டும் பொறுக்கித் தரச் சொல்லு. கிலோவுக்கு ரெண்டு ரூபா சேத்துத் தர்றேன். சாயம் வேணாம்."

இரண்டு ரூபாய்க்கு யாரும் பொறுக்க மாட்டார்கள் என்றேன். ஐந்தில் முடிந்தது.