ரிவர்ஸ் பொய் சொல்லாது

"கியர் பாக்ஸ் போச்சு பாய். கீழ ஒருத்தர்கிட்ட காட்டினேன். இறக்கித்தான் ஆகணும்னுட்டார்."

ஜமுனாமரத்தூரில் நான் உட்கார்ந்திருந்த ஒர்க்‌ஷாப்புக்குள் பிக்கப்பை நிறுத்தியவர் இறங்குமுன்பே சொன்னது இது. வண்டிக்குப் பதினைந்து வயதாவது இருக்கும். பின்னால் சாமை மூட்டைகள். போளூர் போக வேண்டியவை. மார்கழிக் குளிரிலும் அவருக்கு நெற்றி வேர்த்திருந்தது. கியர் பாக்ஸை இறக்குவதென்றால் புரொப்பலர் ஷாஃப்டைக் கழற்றி, ஜாக்கி கொடுத்து, அந்தக் கனத்தை அலுங்காமல் தரையில் கிடத்த வேண்டும். அதற்கே அரை நாள் போய்விடும். அதற்குமேல் எவ்வளவு ஆகும் என்பது பெட்டியைப் பிரித்த பிறகுதான் தெரியும்.

மெக்கானிக் பாய் வாணியம்பாடிக்காரர். ஆலங்காயத்தில் தொழில் கற்று, காவலூர் வழியாக மலையேறி வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஸ்பேனரைத் தொடாமல் கேள்விகளில் ஆரம்பித்தார்.

"எல்லா கியருமா, ஒண்ணு மட்டுமா?"

"ஃபர்ஸ்டும் ரிவர்ஸும் விழவே மாட்டேங்குது. மூணு கர்ருங்குது."

"காலைல மட்டுமா, நாள் முழுக்கவா?"

"நாள் முழுக்க. காலைல இன்னும் மோசம்."

குளிரில் கியர் ஆயில் கெட்டியாகி, முதல் சில கிலோமீட்டருக்கு எந்தப் பழைய வண்டியும் முரண்டு பிடிக்கும். நாள் முழுக்க என்றால் வேறு கதை. பாய் சீட்டில் ஏறி, இன்ஜின் ஓடாமலே ஒவ்வொரு கியராகப் போட்டார். ஐந்தும் ரிவர்ஸும் வெண்ணெயாய் விழுந்தன. இப்போது ஸ்டார்ட் செய்து, கிளட்சை அடிவரை மிதித்து, மனதுக்குள் நாலு எண்ணிவிட்டு ரிவர்ஸ் போட்டார். தகரத்தைக் கல்லில் தேய்த்த மாதிரி சத்தம். கிளட்சை இரண்டு தரம் படபடவென்று அடித்து, மூன்றாம் தரம் மிதித்தபடி போட்டார். சத்தமே இல்லாமல் விழுந்தது.

"ரிவர்ஸ் பொய் சொல்லாது சார்" என்றார் என்னிடம்.

பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு, வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோ ரிங் கிடையாது. கிளட்ச் முழுக்க விலகினால் கியர் பாக்ஸின் உள்ஷாஃப்ட் சில நொடிகளில் நின்றுவிட வேண்டும். நிற்காமல் சுற்றினால் பல்லும் பல்லும் மோதும். இரண்டு தரம் அடித்ததும் சரியாகிறது என்றால், ரிவர்ஸ் கோளாறு கியர் பாக்ஸில் இல்லை. பெடலில் இருந்து கிளட்ச் வரை போகும் எண்ணெய்ப் பாதையில் காற்று புகுந்திருக்கிறது. எண்ணெய் அழுந்தாது, காற்று அழுந்தும். மிதிப்பில் பாதி அங்கேயே வீணாகிறது.

மெக்கானிக்கின் காதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், நானும் எழுதியிருக்கிறேன். அன்று என்னை அசத்தியது பாயின் வரிசை. செலவில்லாத சோதனைகளெல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்பேனர்.

வண்டிக்கடியில் படுத்தவர் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். அந்த எண்ணெய்ப் பாதையின் முனையில் சின்னதாய் ஒரு சிலிண்டர், அதன் வாயில் ரப்பர் பூட். அதை நகத்தால் விலக்கியதும் கறுத்த ஈரம் சொட்டியது. இந்த சிலேவ் சிலிண்டரின் சீல் தேய்ந்து, கிளட்சுக்கும் ஊற்றும் பிரேக் ஆயில் கசிகிறது. சீல் கிட் மாற்றினார். நிப்பிளில் டியூபைச் செருகி, மறுமுனையை பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முக்கினார். "மிதி. புடி. விடு." டிரைவர் மிதிக்க மிதிக்க பாட்டிலில் குமிழிகள் வந்தன, பிறகு சிறுத்தன, பிறகு நின்றன. ஃபர்ஸ்ட் விழுந்தது. ரிவர்ஸும் விழுந்தது.

மூன்று மட்டும் இன்னும் உறுமியது.

பாய் கியர் ஆயில் டிரெயின் பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தார். அதன் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை. அது இருக்கத்தான் செய்யும், இரும்புத் தேய்மானம். துண்டு துண்டாக இரும்பு ஒட்டியிருந்தால் பல் உடைந்திருக்கிறது. அப்படி எதுவும் இல்லை. ஆனால் வடித்த எண்ணெயை வெயிலில் சாய்த்தபோது ஜிகினா மாதிரி பொன்னிறம் மின்னியது. பித்தளை. மூணாவது கியரின் சின்க்ரோ ரிங்.

"ஓடுற பஸ்ல ஏறுறவன் கூடவே நாலடி ஓடுவான்ல, அதான் இந்த ரிங்கோட வேல. இது தேஞ்சா நேரா போய் முட்டும்."

இதற்கு மட்டும் இறக்கித்தான் ஆக வேண்டும். டிரைவர் முகம் தொங்கியது.

"புளி ஏத்துற சீசன் முடியட்டும் தம்பி. அதுவரைக்கும் டபுள் கிளட்ச்."

1928-இல் அமெரிக்காவின் காடிலாக் கார் சின்க்ரோ கியரோடு வருவதற்கு முன்னால் பெரும்பாலும் அப்படித்தான் ஓட்டினார்கள். மலை இறக்கத்தில் நாலிலிருந்து மூணுக்கு வர, கிளட்ச் மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரில் ஒரு உறுமல், மறுபடி கிளட்ச், மூணு. இதைத் தவறவிட்டால் வண்டி நியூட்ரலில் உருளும். பாரம் முழுக்க பிரேக் மேல். பாய் ஊருக்கு வெளியே கூட்டிப்போய் எட்டு தரம் போட வைத்தார். புது ஆயிலுக்கும் புத்தகத்தில் போட்ட கிரேடுதான் வேண்டும் என்று அடம்பிடித்தார். சில கியர் ஆயிலில் கலக்கும் கந்தகச் சேர்க்கை பித்தளையை அரித்துவிடும்.

போளூர் இறக்கத்துக்கு நானும் ஏறிக்கொண்டேன். முதல் வளைவில் கர்ரென்றது. டிரைவர் பல்லைக் கடித்தார். இரண்டாவது வளைவில், நியூட்ரலில் ஒரு உறுமல், பிறகு கைப்பிடி தானாக இழுத்துக்கொண்ட மாதிரி உள்ளே போனது. அவர் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த வளைவுக்கு இப்போதே காலைத் தயாராக வைத்திருந்தார்.