காரியவட்டத்தில் ஓர் ஆட்ட நாள்

கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகம் சாதாரண நாட்களில் அமைதியானது. அதனையடுத்து, பல்கலைக்கழக நிலத்திலேயே, 2015ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டுக்களுக்கென எழுந்தது கிரீன்ஃபீல்டு மைதானம். 2016 ஜனவரி 3, ஞாயிறன்று, தெற்காசியக் கால்பந்து இறுதியாட்டம் அங்கு நடைபெற்றது. குழந்தைகளுடன் நாங்களும் சென்றிருந்தோம்.

சாலை நெரிசலுக்கு அஞ்சி, தம்பானூரில் ரயிலேறிக் கழக்கூட்டத்தில் இறங்கினோம்; மீதித் தொலைவை நடந்தே கடந்தோம். வழியெங்கும் ஜனவெள்ளம். வகுப்பில் "பாண்டி" என்னும் கேலியைக் கேட்டுக் கேட்டு ஒடுங்கிப்போன எங்கள் இளையவன், கையை இறுகப் பற்றியவாறே வந்தான்.

ஆப்கானிஸ்தான் முதல் கோலைப் போட்டது. இரண்டே நிமிடத்தில் ஜேஜே சமன் செய்தார். தொண்ணூறு நிமிடமும் முடிந்தது. வெற்றி யாருக்கும் இல்லை. திரும்பும் ரயிலுக்கோ நேரமாயிற்று. கால அட்டவணையையே வேதமாகக் கொண்ட நாங்கள் எழுந்தோம். இளையவன் எழவில்லை. அவன் முகத்தைக் கண்டு மீண்டும் அமர்ந்தோம்.

101ஆவது நிமிடத்தில் சுனில் சேத்ரி கோல் போட்டார். பக்கத்திலிருந்த மலையாளப் பெரியவர், "மோனே, நம்மள் ஜயிச்சு!" என்று அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார். இந்தியா ஏழாம் முறையாகக் கோப்பையை வென்றது. எங்கள் ரயில் போய்விட்டது.

ஆட்ட நாளில் அங்குச் செல்லும் அன்பர்களே, குழந்தையின் சட்டைப் பையில் தொலைபேசி எண் எழுதிய சீட்டை வையுங்கள். ரயிலைத் தவறவிடவும் சித்தமாயிருங்கள். நள்ளிரவில் வீடு திரும்பிய எங்கள் பிள்ளை, "நம்மள்" என்ற சொல்லையே வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.