நாலேகால்

மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரைகள். சூரியன் எழுகின்ற பக்கம் எழுவான்கரை; படுகின்ற பக்கம் படுவான்கரை. நான் பிறந்தது படுவான்கரையில். 2014 ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை எங்கள் பகுதி மக்கள் அக்கரைக்குச் செல்வதற்குப் ‘பாதை’யையே நம்பியிருந்தனர். வெளியூர் வாசகர்களுக்கு ஒரு சொல்: எங்கள் நாட்டில் பாதை என்பது நிலத்தில் கிடப்பது மட்டுமன்று, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு நீரில் மிதப்பதற்கும் அதே பெயர்தான்.

அண்மையில் ஊருக்குச் சென்றிருந்தேன். இம்முறை பாலத்தின் வழியாகச் சில நிமிடங்களில் வாவியைக் கடந்துவிட்டேன். அண்ணன் வீட்டுத் திண்ணையில் அவருடைய மகன்வழிப் பேர்த்தி கணிதக் கொப்பியை விரித்துவைத்துக்கொண்டு முகம் வாடியிருந்தாள். ஏழாம் தரத்தில் படிக்கின்ற பிள்ளை. பத்துக் கணக்குகளில் ஏழு பிழை. எல்லாம் முழு எண்ணிலிருந்து பின்னத்தைக் கழிக்கும் கணக்குகள்.

முதற் கணக்கு இது: 5 – 3/4. அவள் எழுதியிருந்த விடை 5 1/4.

ஐம்பது ஆண்டுக்காலம் பிறர் எழுதியதைத் திருத்திப் பிழைத்தவன் நான். பிழையைக் கண்டவுடன் கோடு கிழிப்பதற்கு முன்னர், எழுதியவர் எதை நினைத்து எழுதினார் என்று பார்க்கவேண்டும் என்பது செய்தியறை எனக்குக் கற்பித்த பாடம். இந்தப் பிள்ளையின் விடை குருட்டாம்போக்கில் வந்ததன்று. ஒன்றிலிருந்து முக்காலை எடுத்தால் கால் மிஞ்சும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் காலை ஐந்தின் பக்கத்தில் வைத்திருக்கிறாள். ஆனால் அந்த முக்காலைக் கொடுப்பதற்காக ஐந்தில் ஒன்று உடைந்துவிட்டது என்பதை மறந்துபோனாள். அவ்வளவுதான்.

இதை எப்படி விளக்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், எருமைகளைப் பட்டியில் அடைத்துவிட்டு வந்த அண்ணன் திண்ணையில் அமர்ந்தார்.

“என்ன மனே, அஞ்சில முக்கால் போனா எவ்வளவு?” என்று கேட்டார். அவள் கொப்பியைப் பார்த்தாள். “கொப்பியப் பாக்காத. அஞ்சு சட்டி தயிர் இருக்கு. முக்கால் சட்டி வித்துப்போட்டம். ஒரு சட்டியத் திறக்காம முக்கால் சட்டி விக்கேலுமா?”

“ஏலாது, அப்பப்பா.”

“அப்ப, திறக்காத சட்டி எத்தின?”

“நாலு.”

“திறந்த சட்டிக்குள்ள?”

“கால்.”

“அப்ப நாலேகால். நீ திறந்த சட்டியையும் முழுச்சட்டி எண்டு எண்ணிப்போட்டாய்.”

பிள்ளையின் முகம் தெளிந்தது. நானோ அறுபது ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றேன்.

1960களின் தொடக்கம். அண்ணன் ஏழாம் வகுப்பு. நான் ஐந்தாம் வகுப்பு. ஒரே மண்டபத்தில் தட்டியால் பிரிக்கப்பட்ட வகுப்புகள். அந்தப் பக்கம் நடப்பது இந்தப் பக்கம் கேட்கும். ஒரு நாள் ஆசிரியர் கரும்பலகையில் இதே வகைக் கணக்கொன்றை எழுதி, அண்ணனை எழுப்பினார். அண்ணன் இருந்த இடத்திலிருந்தே விடையைச் சொல்லிவிட்டார். சரியான விடை. “செய்கை எங்கே?” என்றார் ஆசிரியர். “செய்கை இல்லை சேர். எனக்குத் தெரியும்” என்றார் அண்ணன். பக்கத்துப் பையனின் கொப்பியைப் பார்த்துச் சொன்னதாக ஆசிரியர் முடிவுசெய்தார். பிரம்பு உயர்ந்த ஓசையும் விழுந்த ஓசையும் தட்டிக்கு இப்பால் இருந்த எனக்குக் கேட்டன. மறுநாள் முதல் அண்ணன் பள்ளிக்கு வரவில்லை.

அந்த ஆசிரியரைக் கொடியவர் என்று நான் சொல்லமாட்டேன். தமக்குக் கற்பிக்கப்பட்ட முறையையே அவர் கற்பித்தார். 5 என்பதை 5/1 என்று எழுதி, பகுதியைச் சமப்படுத்தி 20/4 ஆக்கி, அதிலிருந்து 3/4 ஐக் கழித்து, 17/4 என்று கண்டு, மீண்டும் நாலால் வகுத்து 4 1/4 என்று எழுதவேண்டும். முறை பிழையற்றது. பின்னங்களைப் பெருக்கவும் வகுக்கவும் வரும்போது இந்த வழக்கம் கைகொடுக்கும். ஆனால் ஐந்து சட்டிகளையும் திறந்து, இருபது கால்களாக்கி, மூன்றைக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய பதினேழையும் மறுபடி சட்டிகளில் நிரப்பும் வேலை அது. அண்ணன் ஒரேயொரு சட்டியைத்தான் திறந்தார்.

எண் பெரிதானால் வேறுபாடு நன்றாகத் தெரியும். 100 – 3/7 என்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி முறையில் 700/7 – 3/7 = 697/7; பிறகு 697 ஐ ஏழால் வகுக்கவேண்டும். அண்ணனின் முறையில், நூறில் ஒன்றை மட்டும் எடுத்து 7/7 ஆக்கினால் போதும். 99 அப்படியே நிற்கும். ஏழில் மூன்று போக நான்கு. விடை 99 4/7. மனத்தாலேயே செய்துவிடலாம். கழிக்கப்படுவது கலப்பெண்ணாக இருந்தாலும் வழி மாறாது. 5 – 2 3/4 என்றால், 5 ஐ 4 4/4 என்று எழுதிக்கொள்க. நாலில் இரண்டு போக இரண்டு. 4/4 இல் 3/4 போக 1/4. விடை 2 1/4.

எங்கள் பத்திரிகை அலுவலகத்திலும் இதே கணக்குத்தான் நடந்தது. எட்டுப் பக்கப் பத்திரிகை. இரவு ஒன்பது மணிக்கு முக்கால் பக்க விளம்பரம் ஒன்று வந்து சேரும். செய்திக்கு ஏழேகால் பக்கம் என்று உடனே சொல்லிவிடுவோம். எந்தப் பக்கத்தை உடைப்பது என்பதில் மட்டுமே சண்டை வரும். எட்டுப் பக்கங்களையும் முப்பத்திரண்டு காற்பக்கங்களாக வெட்டிப் பார்த்தவர் எவரையும் நான் கண்டதில்லை.

‘நாலேகால்’ என்ற சொல்லைச் சற்று உற்றுப் பாருங்கள். நாலு முழுமையும் ஒரு காலும் ஓர் ‘ஏ’காரத்தால் கோக்கப்பட்டுள்ளன. ஆனால் அரை வரும்போது ‘நாலேயரை’ என்று எவரும் சொல்வதில்லை, நாலரை என்கிறோம். இதற்குத் தொல்காப்பியத்தில் விதி இருக்கிறது. ஓர் அளவின் பின்னால் அதன் பகுதி வந்து சேரும்போது ‘ஏ’ என்னும் சாரியை இடையில் தோன்றும் என்றும், அரை என்னும் சொல்லுக்கு அது பொருந்தாது என்றும் எழுத்ததிகாரம் கூறுகிறது. குறை என்ற சொல் அளவுப் பெயரோடு புணர்வதற்கும் அங்கே தனி விதி உண்டு. சந்தையில் மீன் விற்கும் பெண்ணின் நாவில் அந்த இலக்கணம் இன்றும் வழுவாமல் நிற்கிறது.

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி படித்த பிள்ளைகளுக்குக் கால், அரை, முக்காலோடு கணக்கு முடியவில்லை. அரைக்கால் எட்டில் ஒன்று; மாகாணி பதினாறில் ஒன்று; மா இருபதில் ஒன்று; காணி எண்பதில் ஒன்று; முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. இவற்றை எல்லாம் முந்திரியால் அளந்துவிடலாம். காணிக்கு நான்கு முந்திரி, மாவுக்குப் பதினாறு, மாகாணிக்கு இருபது, காலுக்கு எண்பது. இன்று நம் பிள்ளைகள் தேடித் தேடிக் களைக்கின்ற பொதுப் பகுதி, அந்த வாய்ப்பாட்டுக்குள்ளேயே வைத்துக் கட்டப்பட்டிருந்தது. பாடமாக்கும் சுமை பெரிது என்பதையும் சொல்லவேண்டும். அந்தக் காலத்துக்குத் திரும்புமாறு நான் கேட்கவில்லை. பள்ளிக்கு வரும் பிள்ளை வெறும் கையோடு வருவதில்லை. வீட்டிலிருந்தும் சந்தையிலிருந்தும் ஒரு கணக்கைக் கொண்டு வருகிறது. அதைக் கேட்டுவிட்டுப் பிறகு செய்கையைச் சொல்லிக்கொடுங்கள் என்றே ஆசிரியர்களை வேண்டுகிறேன்.

பெற்றோருக்கும் ஒரு சிறு யோசனை. விடை வந்தபின் கழித்ததைத் திருப்பிக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பேர்த்தியிடமும் அப்படித்தான் சொன்னேன். 5 1/4 உடன் 3/4 ஐக் கூட்டினாள். ஆறு வந்தது. “அஞ்சு சட்டி கொண்டுபோய் வித்தா ஆறு சட்டி ஆகுமா?” என்று அவளே கேட்டுச் சிரித்தாள். வேறு சில பிள்ளைகள் ஒன்றைக் குறைத்துவிட்டுப் பின்னத்தை அப்படியே விட்டு 4 3/4 என்று எழுதுவார்கள். கூட்டிப் பார்த்தால் ஐந்தரை வரும். பிழை தானாக அகப்பட்டுவிடும்.

பள்ளியை விட்ட அண்ணன் தயிர்ச் சட்டிகளைப் பாதையில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோய் விற்றார். முழுச் சட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கு ஒரு சட்டியைத் திறந்து காலும் அரையுமாக அளந்து கொடுப்பார். பட்டினத்தில் நான் படித்த பள்ளியின் விடுதிக் கட்டணம் அந்தச் சட்டிகளிலிருந்தே வந்தது. எங்கள் வீட்டில் எனக்காகத் திறக்கப்பட்ட சட்டி எது என்பதை நான் உணர்வதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

அன்று மாலை பேர்த்தியின் கொப்பியை வாங்கி, அண்ணன் வாயால் சொன்னதை வரி வரியாக எழுதினேன்.

5 – 3/4
= 4 + 4/4 – 3/4
= 4 + 1/4
= 4 1/4

மற்ற ஆறு கணக்குகளையும் அவள் தானே திருத்திக்கொண்டாள். அண்ணன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கொப்பியைக் கேட்டு வாங்கினார். நெடுநேரம் பார்த்தார்.

“தம்பி, இதா செய்கை?”

“ஓம் அண்ணன்.”

“இதத்தானே நானும் சொன்னன்.”

கொப்பியை மூடிப் பேர்த்தியிடம் கொடுத்துவிட்டு, கன்றுகளைப் பார்த்துவருவதாகச் சொல்லி எழுந்து போனார்.