பாவு அறுத்த பிறகு

தீபாவளி கழிந்து ஒரு வாரம் சென்றபின், மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில் காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தேன். காந்தி ரோட்டில் பண்டிகைக் கூட்டம் வடிந்துபோய், கடைகளில் குமாஸ்தாக்கள் விலைபோகாத சேலைகளை மடித்து அடுக்கி எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்த எண்ணிக்கை முடிந்த பிறகுதான் எந்த நெசவாளர் வீட்டுக்கு எப்போது பாவு, அதாவது தறியில் ஏற்றும் நெடுக்கிழை, போகும் என்பது நிர்ணயமாகும் என்று ஒருவர் சொன்னார். ஆகவே கடைத்தெருவில் அதிக நேரம் நில்லாமல், அந்தக் கணக்கின் பலன் போய்ச் சேருகிற இடமான பிள்ளையார்பாளையத்துக்கு நடந்தேன்.

தேசத்தின் பொருளாதார ஸ்திதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் உற்பத்தியின் வளர்ச்சி விகிதத்தையும் பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கத்தையும் பார்க்கிறார்கள். நெசவாளர் வீதிகளில் அதற்கு வேறோர் அளவை இருக்கிறது. ஒரு பாவு அறுத்ததற்கும் அடுத்த பாவு வருவதற்கும் இடையே எத்தனை நாள் என்பதே அது.

நான் நுழைந்த முதல் வீட்டில் தறி ஓடவில்லை. கூடத்துத் தரையில் வெட்டிய தறிக்குழியின் ஓரங்களில் ஈரம் கசிந்திருந்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழித்தறியில் ஈரமேறுவதும் நூல் தொய்வதும் நெசவாளர்களுக்குப் புதிய விஷயமல்ல; அந்தச் சில வாரத்து முடக்கத்தைப் பரம்பரையாகவே எதிர்பார்த்து ஜீவனம் நடத்தி வந்தவர்கள் அவர்கள். ஆனால் இந்த வீட்டில் தறி நின்றதற்கு மழை காரணமன்று.

“கடைசிச் சேலை அறுத்து இருபத்திரண்டு நாளாவுது ஐயா. முன்னெல்லாம் சேலையைக் கொண்டுபோய்க் குடுத்துட்டுத் திரும்பி வரும்போதே அடுத்த பாவு கையில இருக்கும். இப்ப ‘பார்ப்போம், சொல்லி அனுப்பறேன்’னு முதலாளி சொல்றாரு. அவரைக் குத்தம் சொல்லவும் மனசு வரல” என்றார் அறுபதைத் தாண்டிய அந்த நெசவாளர்.

ஒரு பாவில் பெரும்பாலும் மூன்று சேலைகள் இறங்கும். உடலுக்கும் கரைக்கும் வெவ்வேறு வர்ணம் வைத்து நெய்கிற கோர்வைச் சேலையானால் ஒவ்வொன்றுக்கும் பத்து நாள் முதல் இருபது நாள் வரை செல்லும். கூலியோ சேலைக்கு இவ்வளவு என்ற கணக்கே ஒழிய, நாளுக்கும் மாதத்துக்கும் உரியதல்ல. எனவே கூலி விகிதம் ஏட்டில் உயர்ந்திருந்தாலும், பாவுக்கும் பாவுக்கும் இடையே வெறுந்தறியாகக் கிடக்கும் நாட்கள் பெருகிவிட்டால் வருஷ வருமானம் இறங்கித்தான் போகிறது. அன்று நான் கூட்டுறவுச் சங்கமொன்றின் ஆண்டறிக்கையையும் புரட்டிப் பார்த்தேன். உற்பத்திக்கும் விற்பனைக்கும் கையிருப்புக்கும் அதில் தனித்தனிப் பத்திகள் இருந்தன. வெறுந்தறி நாட்களுக்கு ஒரு பத்தி இல்லை.

தறி நின்றதற்குக் காரணம் கேட்டபோது அந்தப் பெரியவர் மாடத்திலிருந்து மிச்ச ஜரிகைத் துண்டொன்றை எடுத்து நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளேயிருந்து சிவப்பு இழை எட்டிப் பார்த்தது. ஜரிகை என்றவுடன் நாம் தங்கத்தையே நினைக்கிறோம். அசல் ஜரிகையின் நடுவில் ஓடுவது சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூல். அதைச் சுற்றியிருப்பது தட்டையாக்கிய மெல்லிய வெள்ளிக் கம்பி. தங்கம் மேற்பூச்சாகத்தான் இருக்கிறது, எடையில் அது நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. ஜரிகையை 242 கிராம் கொண்ட ‘மார்க்’ கணக்கில் நிறுத்து வாங்குகிறார்கள். அது பெரும்பாலும் சூரத்திலிருந்து வருகிறது. அந்தச் சார்பைக் குறைக்கும் பொருட்டே 1971-ல் காஞ்சியில் தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்தை அரசு ஏற்படுத்தியது. ஆனால் நூலை எங்கே சுற்றினாலும் வெள்ளியின் விலை ஒன்றுதான். 2000-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 3,500 ரூபாய்க்குக் கிடைத்த ஒரு சவரன் தங்கம் 2025-ல் 75,000 ரூபாயைக் கடந்தது. வெள்ளியும் கிலோ ஒரு லட்சத்துக்கு மேல் ஏறியது.

இந்த விலையேற்றம் தறியை எப்படி நிறுத்துகிறது என்பதை அன்று மத்தியானம், தறிகளுக்குப் பாவு கொடுத்து நெய்விக்கும் ஒரு சிறு முதலாளி எனக்கு விளக்கினார். பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது. ராமநகரத்தில் பட்டுக்கூடு ஏலம் போகிற விலைக்கேற்ப நூலின் கிரயம் ஏறும், இறங்கும். வெள்ளியின் விலை கடல் கடந்த சந்தைகளில் நிச்சயமாகிறது. சேலையை வாங்கும் பெரிய கடைகளோ கடனுக்கு எடுத்து, மாதங்கள் கழித்துப் பணம் தந்து, விற்காததைத் திருப்பியும் அனுப்புகின்றன. இவற்றுள் எதிலும் பேரம் பேச அவருக்குச் சக்தியில்லை. ஆகவே, அதே முதலீட்டில் முன்பு ஐந்து தறிக்குப் பாவு போட்டவர் இப்போது மூன்று தறிக்கே போட முடிகிறது. மற்ற இரண்டு தறிகள் காத்திருக்கின்றன. வெளியூரில் நிர்ணயமாகும் விலைகளெல்லாம் வளையாமல் நிற்க, ஊருக்குள்ளே வளையக்கூடியது நெசவாளரின் காலம் ஒன்றுதான் என்பதை அவர் வருத்தத்தோடுதான் சொன்னார்.

ரொக்கக் கூலிக்கே பழகிய இந்த வீதிகளை 2016 நவம்பரின் நோட்டு மாற்றமும், மறு வருஷம் ஜூலையில் வந்த சரக்கு-சேவை வரியும் உலுக்கின. 2020-ல் ஊரடங்கினால் பங்குனி முதல் ஆனி வரையிலான முகூர்த்தப் பருவமே கைவிட்டுப் போயிற்று. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிய 1985-ஆம் வருஷத்துச் சட்டம் இன்னும் அமலில்தான் இருக்கிறது. ஆயினும் விசைத்தறியில் ஓடிய சேலை ‘காஞ்சிப் பட்டு’ என்ற பெயரோடு விற்பனைக்கு வருவதை அது தடுத்துவிடவில்லை.

பிற்பகலில் தறி ஓசை கேட்ட ஒரு வீட்டுக்குள் சென்றேன். அரக்கு உடலும் மாம்பழ வர்ணக் கரையுமாக ஒரு கோர்வைச் சேலை பாதி இறங்கியிருந்தது. கோர்வைக்கு, ஊடிழையைக் கொண்டு செல்லும் நாடாக்கள் மூன்று வேண்டும். உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. கரை இழையும் உடல் இழையும் ஒன்றையொன்று கொக்கிபோல் பற்றிக்கொள்ள வேண்டும். ஒருவர் கை அதற்குப் போதாது. ஆகவே தறியின் மறுமுனையில் நெசவாளரின் மனைவி அமர்ந்து, அந்தப் பக்கத்துக் கரையின் நாடாவை வாங்கி வீசிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் அந்த இடத்தில் சிறு பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் பள்ளிக்கூடம் போனது நியாயமான காரியம். அந்த இடம் வீட்டுப் பெண்ணுக்கு வந்தது.

“உங்களுக்குத் தனிக் கூலி உண்டா அம்மா?” என்று கேட்டேன்.

“சேலைக்குத்தான் கூலி, ஆளுக்கு இல்லையே” என்றார், நாடாவை நிறுத்தாமலே.

வெறுந்தறி நாட்களுக்கு இல்லாத பத்தி இந்த அம்மாளின் உழைப்புக்கும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. 2019-20-ஆம் ஆண்டின் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாடெங்கும் 35 லட்சத்துக்கு மேற்பட்டோர் இத்தொழிலில் இருப்பதாகவும், அவர்களுள் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள் என்றும், நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே சம்பாதிப்பதாகவும் சொல்கிறது. மறுமுனையில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கும் சேர்த்துப் பங்கிட்டால் தலைக்கு என்ன வரும் என்பதை யாரேனும் கணக்கிட வேண்டும் என்று நான் மனப்பூர்வமாக விரும்புகிறேன். சேலையின் விலையில் அவருடைய பங்கையும் எழுதிக் காட்டினால், வாங்குகிறவர்களில் பலர் மறுக்காமல் கொடுப்பார்கள் என்பதே என் அபிப்பிராயம்.

ஆறு மணிக்குத் தெருமுனையில் கம்பெனி வேன் வந்து நின்றது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு இந்த வீதிகளிலிருந்து ஆள் ஏற்றிப் போகும் வேன்கள் பல. சீருடையில் இறங்கி வந்த அந்த வீட்டுப் பிள்ளைக்கு இருபத்துநாலு வயதிருக்கும். ஒன்றாந்தேதி சம்பளம் வருகிறதே என்பதற்காகப் போகிறான் என்றார் தகப்பனார்; அவர் குரலில் குறையும் இல்லை, பெருமையும் இல்லை. அடுப்பைப் பற்றவைக்கத் தாயார் எழுந்தார். பையன் முகம் கழுவி, கை துடைத்துக்கொண்டு, அவர் விட்ட இடத்தில் அமர்ந்து கரை நாடாவை எடுத்தான். நான் விடைபெற்று மழையில் இறங்கி நடந்தபோது தறி மறுபடியும் ஓடத் தொடங்கியிருந்தது.