தசைக்கு மேலா, கீழா?

ஒரு காருக்குள் ஓடும் வயர்களை எல்லாம் சேர்த்துக் கட்டிய கட்டுக்கு வயரிங் ஹார்னஸ் என்று பெயர். வெல்டிங்குக்கும் பெயின்டிங்குக்கும் ரோபோ வந்துவிட்டது. வளைந்து நெளியும் வயரைப் பிடித்துச் செருக இன்னும் மனுஷக் கைதான் வேண்டும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்க ஆரம்பித்த பிறகு, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வரிசையாக வந்த உதிரிபாகக் கம்பெனிகளில் அந்தக் கைகளில் நிறைய, பெண்களுடையவை. என் பெரியம்மா மகள் பன்னிரண்டு வருஷமாக அப்படியொரு லைனில் நிற்கிறாள். போர்டு நெஞ்சு உயரத்தில் நகர்ந்து வரும். இரண்டு கையையும் முன்னால் கொண்டுவந்து கனெக்டரை அழுத்திச் செருக வேண்டும்.

அப்படி அழுத்தும்போது வேலை செய்வது பெக்டொராலிஸ் மேஜர் என்ற மார்புத் தசை. காறையெலும்பு, நெஞ்செலும்பு, விலாக்களில் தொடங்கி மேற்கை எலும்பில் போய் முடிகிறது. அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, மார்பை எடுத்துவிட்டு சிலிக்கான் இம்பிளான்ட் வைக்கலாம் என்று முடிவானபோது எழுந்த கேள்வியும் இந்தத் தசையைப் பற்றியதுதான். இம்பிளான்ட்டை அதற்கு மேலே வைப்பதா, கீழே வைப்பதா?

இந்தத் தசைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1890-களில் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் புற்றுநோய்க்காக மார்போடு சேர்த்துத் தசையையும் வெட்டி எடுத்தார். பல பத்தாண்டுகளுக்கு அதுதான் வழக்கம். பிறகு தசையை விட்டுவைக்கலாம் என்று தெரிந்தது. 1962-ல் ஹூஸ்டனில் முதல் சிலிக்கான் இம்பிளான்ட் வைக்கப்பட்டது. மார்பு எடுத்த இடத்தில் வெறும் தோலுக்கடியில் வைத்தால் தோல் பிய்ந்துபோவதும், சுற்றி இறுகிக் கெட்டியாவதும் நடந்ததால், தசைக்குக் கீழே தள்ளினார்கள். இப்போது, தோலிலிருந்து செல்களை நீக்கித் தயாரிக்கும் மெல்லிய உறையால் சுற்றி, மறுபடியும் மேலே கொண்டுவருகிறார்கள். அந்த உறை விலை அதிகம்.

கீழே வைத்தால் மேலே நல்ல மூடி கிடைக்கும், ஓரம் தெரியாது. ஆனால் தசையின் கீழ்ப்பகுதியை விலாவிலிருந்து பிரிக்க வேண்டும். ஆரம்பத்தில் வலி அதிகம். கையால் எதையாவது அழுத்தும்போதெல்லாம் தசை சுருங்கி இம்பிளான்ட்டை இழுக்கும், மார்பு துள்ளும். மேலே வைத்தால் தசை தன் வேலையைப் பார்க்கும். ஆனால் தோல் மெல்லிசாக இருந்தால் அலை அலையாகச் சுருக்கம் தெரியும். தோலுக்கு ரத்த ஓட்டம் போதாவிட்டால் மேஜையிலேயே திட்டம் மாறலாம். கதிர்வீச்சு கொடுத்தால் இரண்டிலுமே இறுக்கம் வர வாய்ப்பு கூடும்.

டாக்டர் இதையெல்லாம் பொறுமையாகத்தான் சொன்னார், பெரும்பாலும் எப்படித் தெரியும் என்கிற கணக்கில். அவர் முன்னாலிருந்த ஃபைலில் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்றிருந்தது. யாரும் கேட்டு எழுதியதில்லை.

"நான் ஹார்னஸ் லைன்ல இருக்கேன் டாக்டர்," என்றாள் அக்கா. "நாள் பூரா கையை இப்படி வெச்சு அழுத்தணும்." உட்கார்ந்தபடியே செய்து காட்டினாள்.

அவர் பேனாவை வைத்துவிட்டு, "இன்னொரு தடவை பண்ணுங்கம்மா," என்றார்.

2018-ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகு அறுவை சிகிச்சையை இலவசமாகத் தொடங்கியபோது, ஏழைகளுக்கு ஏன் அழகு சிகிச்சை கிடைக்கக் கூடாது என்று கேட்டார் அப்போதைய சுகாதார அமைச்சர் சி. விஜயபாஸ்கர். நியாயமான கேள்வி. அழகா அவசியமா என்று அப்போது நிறையப் பேசினோம். அந்த உடம்பு காலை ஷிப்ட்டில் என்ன செய்கிறது என்பது இரண்டு பக்கத்திலும் வரவில்லை. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு, புற்றுநோய்க்கு நீண்ட விடுப்புத் தொகையும் உண்டு. ஆனால் விடுப்பு முடிந்து திரும்புபவள் அதே போர்டுக்குத்தான் திரும்ப வேண்டும்.

எதுவுமே வைக்காமல் தட்டையாக விட்டுவிடலாமா என்றும் அக்கா கேட்டாள். அதுவும் ஒரு முடிவுதான் என்றார் டாக்டர். இரண்டு நாள் யோசித்து, "வேணும். ஆனா மேல வைங்க. சுருக்கம் தெரிஞ்சா தெரியட்டும், ஜாக்கெட்டுக்குள்ளதானே இருக்கு," என்றாள்.

சுருக்கம் தெரிகிறது. குனிந்தால் இன்னும் கொஞ்சம் தெரியும். அவள் எனக்குக் காட்டினாள். அப்புறம் ஃபைலை எடுத்து, தொழில் என்ற இடத்தில் அடித்துத் திருத்தி எழுதியிருந்ததையும் காட்டினாள்.