தனியே ஒருமுறை, கூடி ஒருமுறை

புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். நம் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் நன்னீர் மட்டம் ஒரு மீற்றர் தாழ்ந்தால் கீழேயுள்ள உப்புநீர் எவ்வளவு மேலேறும்? கோட்பாட்டளவில் சுமார் 40 மீற்றர். இருநூறு பேர் இருக்கும் மண்டபத்தில் விரிவுரையாளரே இதைச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். முதலில் தனியே விடை எழுதவிட்டு, பிறகு நாலைந்து பேராகக் கூடி ஒரே விடை தரச் சொன்னால், ஒவ்வொருவரும் தன் கணக்குக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். 1970களின் இறுதியில், வகுப்புகள் பெருத்தபோது, ஒக்லகோமாப் பல்கலைக்கழகத்தில் லாரி மைக்கல்சன் கையாண்ட வழி இது.

தெரிந்த பிள்ளை சொல்ல மற்றவர்கள் பார்த்தெழுதுவார்கள் என்பது நியாயமான சந்தேகம். 2009இல் 'சயன்ஸ்' இதழில் வந்த கொலராடோப் பல்கலைக்கழக ஆய்வு அதைத்தான் சோதித்தது. கலந்துபேசிய பின், அதே கருத்தில் வேறொரு கேள்வியைத் தனியே கொடுத்தார்கள். முதலில் பிழைவிட்ட பலர் அதைச் சரியாகச் செய்தார்கள். ஒருவருக்கும் விடை தெரியாதிருந்த குழுக்களிலும் விளக்கம் கூடியதாக ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு இது இன்னும் பொருந்தும் என்று உறுதியாக நம்புகிறேன். உயர்தரம்வரை தமிழில் படித்த பிள்ளை, விஞ்ஞான பீடத்தின் ஆங்கில விரிவுரையில் எழுந்து கேட்கக் கூச்சப்படும்; பக்கத்திலிருப்பவரிடம் தமிழில் கேட்கத் தயங்காது. பாடத்திட்டம் முடியாது என்பார்கள். நேரம் போகத்தான் செய்யும். வாசித்து விளங்கக்கூடிய பகுதிகளை முன்கூட்டியே வாசிக்கக் கொடுத்துவிட்டு, அந்த நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். புள்ளியில் பெரும்பங்கு மட்டும் தனி விடைக்கே இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒருவர் உழைக்க மற்றவர்கள் சும்மா இருப்பதைத் தடுக்க முடியாது.