பத்தாயத்துச் சாவி

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியம்பள்ளிக்குப் போகும் ரயில் பாதையின் நீளம் 37 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் பூமி எத்தனை வேஷம் போடுகிறது! புறப்பட்டதும் காவிரிப் பாசனத்து நெல் வயல்கள். போகப் போக வண்டல் மண் மணலாக மாறுகிறது. பனையும் தென்னையும் மாந்தோப்பும் புகையிலைக் கொல்லையும் வருகின்றன. ஊர்ப் பெயர்களுங்கூட மாறிவிடுகின்றன. கருப்பம்புலம், குரவப்புலம், ஆயக்காரன்புலம் என்று எங்கே பார்த்தாலும் 'புலம்'தான். கடைசியில் வெள்ளை வெளேரென்று உப்பளங்கள்.

அந்தப் புலங்களில் ஒன்றிலேதான் என் தகப்பனார் பிறந்து வளர்ந்தார். தெருவைப் பார்த்த நீண்ட திண்ணை, நடுவே முற்றம், கூடத்தின் மூலையில் ஆள் உயரத்துக்கு மேலே எழும்பி நிற்கும் மரப் பத்தாயம்: இவைதாம் அந்த வீடு. என் பாட்டனாரும் அவருடைய தமையனாரும் ஒரே குடும்பமாக வாழ்ந்தார்கள். சாப்பாட்டு வேளைக்குப் பதினேழு இலை விழும் என்று அப்பா சொல்லுவார். பெரிய பாட்டனார் கிராம முன்சீப். பத்தாயத்துச் சாவி இரவும் பகலும் அவருடைய அரைஞாண் கயிற்றிலேயே தொங்கும். அவரைக் கேளாமல் அந்த வீட்டில் ஒரு படி நெல் வெளியே வராது.

1930-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து ராஜாஜியும் சுமார் நூறு தொண்டர்களும் உப்புச் சத்தியாக்கிரகத்துக்காக வேதாரண்யம் நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டார்கள். நாமக்கல் கவிஞர் இந்த யாத்திரைக்கென்றே இயற்றிய பாட்டைத் தொண்டர்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். அப்போது தஞ்சை ஜில்லாக் கலெக்டராயிருந்த தார்ன் துரை, தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்களுக்கு ஆறு மாதம் சிறை என்று உத்தரவு போட்டார். துண்டுப் பிரசுரங்கள் பறந்தன. ஊர் ஊராகத் தண்டோராவும் போடப்பட்டது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, ஒன்றும் அறியாதவர்கள் போல் வீட்டுக்குள் இருந்துவிட்டார்கள். மரத்தைக் கைது செய்ய எந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது?

எங்கள் ஊரில் தண்டோராப் போடச் செய்தவர், கிராம முன்சீப் என்ற முறையில், பெரிய பாட்டனாரேதான். அப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது. அன்றிரவு பாட்டியும் மற்றப் பெண்டுகளும் புளிச்சோறு கிளறி, வாழை இலையில் கட்டினார்கள். அப்பாவும், அவரைவிட மூன்று வயது மூத்த என் அத்தையும் அந்தப் பொட்டலங்களை இருட்டிலே சுமந்து சென்று, சாலைப் புளியமரத்தில் கட்டிவிட்டு ஓடி வந்தார்கள். பெரிய பாட்டனார் திண்ணையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாராம்.

"பெரியப்பா பயந்தாங்கொள்ளி. வெள்ளைக்காரன் சம்பளத்துக்காக வாயை மூடிக்கொண்டார்" என்று அப்பா கடைசி வரையில் சொல்லி வந்தார். 1948-இல் பெரியவர் காலமானபோது ஒரு தபால் கார்டு எழுதிப் போட்டதோடு சரி; ஊருக்குப் போகவில்லை.

1987-இல், வீட்டை விற்பதற்கு முன் ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம் என்று அப்பாவும் நானும் போனோம். அத்தையும் வந்திருந்தாள். கூடத்தில் பத்தாயம் இல்லை. அது நின்ற இடத்தில் தரை மட்டும் சற்று நிறம் வேறாக இருந்தது. அப்பா வழக்கம்போல் அந்தப் பழைய கதையைத் தொடங்கினார்.

அத்தை குறுக்கிட்டாள். "தம்பி, அத்தனை பேருக்குப் புளிச்சோறு கிளறினோமே, அரிசி ஏது?"

"பத்தாயத்து நெல்லைக் குத்தியதுதான்."

"சாவி?"

அப்பா பதில் சொல்லவில்லை.

"அன்று சாயங்காலம் சமையற்கட்டு ஆணியில் சாவி தொங்கிற்று. கொடுத்தேன் என்று அவரும் சொல்லவில்லை. எடுத்தேன் என்று அம்மாவும் சொல்லவில்லை. மறுநாள் அது மறுபடியும் அவர் இடுப்புக்குப் போய்விட்டது. அம்மா சாகும்போதுதான் என்னிடம் சொன்னாள்."

அப்பா எழுந்து சமையற்கட்டுக்குப் போனார். புகை படிந்த சுவரில் அந்த ஆணி இன்னும் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றார்.

மறுநாள் காலை எங்களை வேதாரண்யத்துக்கு அழைத்துப் போனார். பிதிர்களுக்குக் கடன் செலுத்த ஜனங்கள் திரளும் அந்தக் கடலில் மூழ்கி எழுந்து, பெரியப்பாவின் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்தார். முப்பத்தொன்பது வருஷம் தாமதமாகச் செலுத்திய கடன் அது.

அடுத்த வருஷமே வீடு கைமாறிவிட்டது. அப்பாவும் அத்தையும் இப்போது இல்லை. நெடுநாள் நின்றுபோயிருந்த அந்தப் பாதையில் 2023-இல் அகலப் பாதை ரயில் ஓடத் தொடங்கியதும், நான் அகஸ்தியம்பள்ளி வரையில் போய் வந்தேன். 1930 ஏப்ரல் 30-ஆம் தேதி ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானதற்கு அங்கே ஞாபகச் சின்னம் இருக்கிறது. அதைக் கும்பிட்டேன். திரும்பும் வழியில் எங்கள் புலத்தைத் தாண்டும்போது, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு விழித்துக்கிடந்த ஒரு கிழவரையும் நினைத்துக் கும்பிட்டேன்.